நரிவிழுந்தானின் பெயரைச் சொன்ன சனிக்கிழமை

1

எங்கள் சனிக்கிழமை இணையக் கலந்துரையாடலுக்கு இந்த மாதத்தோடு ஐந்து வயது முடிகிறது. ஆண்டு நிறைவுக்குச் சிறப்பு அமர்வு வைக்கிறார்கள். அதை நடத்துகிற குகன் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார், மூன்றாம் தரம் அழைப்பிதழையே அனுப்பிவிட்டார். அதில் கழுத்துப்பட்டி கட்டிய என் பழைய படம் இருக்கிறது. கீழே ‘மூத்த அரசியல் ஆய்வாளர், டென்மார்க்’ என்று போட்டிருக்கிறார்கள். உடம்பு சரியில்லை, வரமுடியாது என்று பதில் எழுதினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பொய்தான் எழுதினேன்.

ஏன் போகவில்லை என்பதை ஒருதரமாவது ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று தோன்றியதால் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ஆட்களின் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. வயலின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே எந்த வட்டை என்று யாரும் தேடவேண்டாம். டென்மார்க் என்பதும் அப்படித்தான், டென்மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு ஒளித்து ஏன் எழுதவேண்டும் என்று கேட்பீர்கள். என்னைப்போல வாரவாரம் திரைக்கு முன்னால் போய் உட்காருகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு மச்சான் இருப்பார்.

2

பகலில் நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. விடிய ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸை எடுத்தால் மருத்துவமனை, பல்கலைக்கழகம், துறைமுகம் என்று ஒரே வட்டத்தைப் பகல் வரைக்கும் சுற்றவேண்டும். வேலையைக் குறை சொல்லவில்லை. சோறு போட்ட வேலை. ஆனால் அந்த இருக்கையில் இருக்கும்வரை நான் பேசுவது நாலைந்து வசனம்தான், அதையும் யாராவது திருத்துவார்கள். வந்த புதிதில் ஒருநாள் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. பழுது என்பதற்கு வார்த்தை வராமல், பஸ் செத்துவிட்டது, எல்லோரும் இறங்குங்கள் என்று ஒலிவாங்கியில் அறிவித்தேன். வண்டி முழுக்கச் சிரித்தது. ஒரு மூதாட்டி இறங்கும்போது என் தோளைத் தட்டி ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனார். அவர் நல்லவர், பகிடிக்குத்தான் செய்தார். எனக்கு அது பல வருடம் உறுத்தியது.

சனிக்கிழமை பிற்பகலில் இதெல்லாம் மாறிவிடும். மேலே சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டு, கீழே வீட்டுச் சாரத்தோடு, மகளின் அறையில் கணினிக்கு முன்னால் உட்காருவேன். அந்த அறையில்தான் புத்தக அலுமாரி இருக்கிறது. புத்தகங்கள் அவளுடையவை, எல்லாம் டேனிஷ். படத்தில் அது தெரியாது.

நிகழ்ச்சிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. குகன் இலண்டனிலிருந்து வணக்கம் சொல்லி ஆரம்பிப்பார். முதல் அரை மணி நேரம் வோஷிங்டன். அடுத்த அரை மணி நேரம் டெல்லியும் பீஜிங்கும், அவர்களுக்கு நடுவில் எங்கள் தீவு. அதற்குப் பிறகு கடன் மறுசீரமைப்பு, புதிய அரசாங்கம், அதிகாரப் பகிர்வு. நேரம் மிஞ்சினால் மாகாணசபை. மட்டக்களப்பு வருவது கேள்வி நேரத்தில்தான், அதுவும் யாராவது எழுதிக் கேட்டால். ரொறன்ரோவிலிருந்து வரும் பேராசிரியர்தான் எங்களில் பெரிய தலை. ஓய்வுபெற்றவர். உண்மையிலேயே நிறையப் படித்தவர், அதை மறுக்கமாட்டேன். எதைச் சொன்னாலும் ‘இதை மூன்று தளங்களில் அணுகலாம்’ என்று தொடங்குவார். இரண்டாவது தளத்தில் நேரம் முடிந்துவிடும்.

நான் எப்படி உள்ளே வந்தேன் என்றால், கிழக்கிலிருந்து ஒருவர் வேண்டும் என்று குகன் தேடினார். யாரோ என் பெயரைச் சொன்னார்கள். முதல் நாள் நன்றாகப் பேசினேன். தமிழில் பேசும்போது என்னை யாரும் திருத்தவில்லை. எவ்வளவு நீளமான வசனத்தையும் தொடங்கி, நடுவில் கிளை விட்டு, திரும்பி வந்து முடிக்கமுடிந்தது. ‘அருமையான பார்வை அண்ணை’ என்றார் குகன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை இந்த நாட்டில் வேறு எதுவும் தந்ததில்லை.

மகள் மீராவுக்குப் பதினேழு வயது. பாடசாலையில் ஏதோ படிவம் நிரப்பவேண்டியிருந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் பஸ் சாரதி என்று எழுதிக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டாள். பக்கத்தில் அரசியல் ஆய்வாளர் என்றும் போடலாமே என்றேன், பகிடிபோல. “அது தொழில் இல்லையே அப்பா, உங்கட ஹொபி” என்றாள். அவளுடைய தமிழ் அந்தளவுதான், ஆனால் வேண்டிய இடத்தில் சரியாக வந்துவிடும். எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

3

இனி ஊர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பெரிய வாய்க்காலால் இறங்கி, கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து எங்கள் வட்டைக்கு வருகிறது. வட்டை என்றால் அந்த வயல்வெளி முழுவதுக்கும் பொதுப்பெயர். அரசாங்கப் படத்தில் அந்தப் பெயர் மட்டும்தான் இருக்கும். வட்டைக்குள்ளே பத்திருபது கண்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்கள் படத்திலும் இல்லை, உத்தரவுப் பத்திரத்திலும் இல்லை. பத்திரத்தில் வெறும் இலக்கம். பெயர்கள் அங்கே விதைக்கிறவர்களின் வாயில் மட்டும்தான் இருக்கின்றன. பக்கத்து வட்டைக்காரனுக்குக் கூடத் தெரியாது.

அப்படி ஒரு கண்டம்தான் நரிவிழுந்தான். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் பள்ளக்காணி. தண்ணீர் கடைசியாக அங்கே போகும், ஆனால் நின்று பிடிக்கும். ஆறு பேர் அங்கே செய்கிறார்கள். ஆறில் ஒருவர் என் தங்கை பவளத்தின் கணவர் சிவநேசன்.

மச்சான் அந்த வட்டைக்கு வட்டவிதானையும் கூட. விவசாயிகள் கூடி ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிடுவது, மாடு வயலுக்குள் இறங்கினால் பஞ்சாயத்துப் பண்ணுவது, கந்தோர்களுக்கு நடையாய் நடப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மச்சான் பதினாறு வருடமாக அந்த வேலையைச் செய்தார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு பிரச்சினை வந்தால் அதைக் கடிதமாக்கமாட்டார். சம்பந்தப்பட்ட ஆளைத் தேடிப் போவார், தேத்தண்ணி குடிப்பார், வேறு கதை பேசுவார், மூன்றாம் நாள்தான் விசயத்தை எடுப்பார். காட்டிலாகா, கமநலம், நீர்ப்பாசனம், ஓட்டமாவடி மில்காரர், கரடியனாற்றுப் பக்கத்து மாட்டுக்காரர் எல்லோரோடும் இப்படித்தான். போக ஆரம்பக் கூட்டத்தில் நூறு பேர் சத்தம் போடுவார்கள். மச்சான் பேசாமல் இருப்பார். கூட்டத்துக்கு முதலே அவர் முடிக்கவேண்டியதை முடித்திருப்பார்.

புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. அன்றைக்கு மச்சானோடு கதைப்பேன். அவர் வயல் வாடியில், காவல் குடிசையில் இருந்துகொண்டு பேசுவார். கொக்கு விரட்டுகிற சத்தம் கேட்கும். என்னுடைய சனிக்கிழமை ‘கள நிலவரம்’ முழுவதும் அந்தப் புதன்கிழமைப் பேச்சிலிருந்து வந்ததுதான். அது மச்சானுக்கும் தெரியும். “என்ன மச்சான், இந்தக் கிழம ஆர விழுத்தப் போறீங்க?” என்று பகிடி பண்ணுவார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“நரிவிழுந்தானுக்குள்ள மஞ்சக் கட்டை அடிச்சிரிக்காங்க மச்சான்.”

“ஆரு?”

“அளக்கிற ஆக்கள். வெளிநாட்டுக் கம்பனி ஒண்டு வெயில்ல கரண்ட் எடுக்கிறத்துக்கு மேட்டுக்காணி கேட்டிரிக்காம். மேட்டுக்காணி எண்டு சொல்லித்து நம்மட பள்ளத்துக்குள்ளயும் கோட்ட இழுத்துப்போட்டாங்க.”

வந்தவர்களில் ஓர் உத்தியோகத்தர் இருந்தார். நிமல் என்று வைத்துக்கொள்வோம். மகாஓயாப் பக்கத்துச் சிங்களவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நாற்பது வயதிருக்கும். மச்சானின் வாடியில் மூன்று நாள் தயிரும் சோறும் சாப்பிட்டிருக்கிறார். போகிற அன்றைக்கு வரைபடத்தைக் கொண்டுவந்து வாடிக்குள் விரித்துக் காட்டியிருக்கிறார்.

“‘விதானை, கோடு இப்பிடித்தான் வருது, ஆனா முடிஞ்ச முடிவில்ல’ எண்டாரு. ‘மாட்டுப்பாதைக்கு அங்கால கட்டையத் தள்ளலாம், நான் மேல கதைக்கிறன், கூட்டத்துக்கு முதல் சரி வரும்’ எண்டாரு. காட்டக்கூடாத படம் மச்சான் அது. தெரிஞ்சா அந்தாள்ர வேல போயிரும்.”

“எழுத்துல ஏதும் தந்தாரா?”

“எழுத்துக்குப் போனா எல்லாம் கெட்டிரும். வாயாலதான்.” கொக்கை ஒருதரம் விரட்டிவிட்டுச் சொன்னார்: “இது உங்கட சனிக்கிழமைக்கு இல்ல மச்சான்.”

“சே, என்ன கதை கதைக்கிறீங்க?” என்றேன். எனக்கு உண்மையாகவே மனவருத்தமாக இருந்தது. என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரே என்று.

4

அந்தச் சனிக்கிழமைத் தலைப்பு, கிழக்கின் எரிசக்தித் திட்டங்களும் வல்லரசுப் போட்டியும். இதைவிடப் பொருத்தமான தலைப்பை விதி கூட வைத்திருக்காது. பேராசிரியர் மூன்று தளங்களில் பேசினார். கடல் மார்க்கம், முதலீட்டு ஒப்பந்தம், எரிசக்திப் பாதுகாப்பு. நான் என் முறைக்கு நிலம் பற்றிப் பேசினேன். அபிவிருத்தி என்ற பெயரில் விவசாயிகளின் காணி போகிறது என்றேன். பொதுவாக வைத்துத்தான் பேசினேன். அதுவரைக்கும் ஒரு பிழையும் இல்லை.

பேராசிரியர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. “எங்கட நண்பரிட்ட உணர்ச்சி இருக்குது, அதை மதிக்கிறன். ஆனால் கிழக்கிலயிருந்து கதைக்கிறவையிட்ட எப்பவும் தரவுதான் இல்லை. எந்த இடம், எந்தத் திணைக்களம், என்ன ஆவணம்? இதில்லாமல் கொள்கை வகுப்பாளர்களோட கதைக்க ஏலாது” என்றார்.

குகன், “அண்ணை, ஒரு நிமிசத்தில பதில் சொல்லி முடியுங்கோ” என்றார்.

முகம் சூடாகிவிட்டது. பஸ்ஸுக்குள் அந்த மூதாட்டி தோளில் தட்டியபோது வந்த அதே சூடு. தரவா கேட்கிறீர்கள் என்று தொடங்கினேன். உன்னிச்சைக்குக் கீழே நரிவிழுந்தான் என்று ஒரு கண்டம் இருக்கிறது, உங்கள் வரைபடங்களில் அந்தப் பெயர் இருக்காது, ஏனென்றால் அந்த மண்ணில் கால் வைத்தவனுக்குத்தான் அது தெரியும் என்றேன். இந்த வாரம் அங்கே மஞ்சள் கட்டைகள் அடிக்கப்பட்டிருக்கின்றன என்றேன். அளக்க வந்த உத்தியோகத்தர் ஒருவரே வரைபடத்தை விவசாயிகளின் பிரதிநிதிக்குக் காட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார், இதைவிட என்ன ஆவணம் வேண்டும் என்றேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பேனையை எடுத்தார். “அந்த இடத்தின்ர பெயரை இன்னொருக்கால் சொல்லுங்கோ” என்றார்.

நான் இன்னொரு தரம் சொன்னேன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன்.

அன்று மாலை முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. எத்தனையோ பேர் செய்தி அனுப்பினார்கள், கள யதார்த்தம் என்றால் இதுதான் என்று. ஒரு ஆளின் பெயரும் சொல்லவில்லையே, எவ்வளவு கவனமாகப் பேசினேன் என்று என்னையே நான் மெச்சிக்கொண்டேன். மச்சானின் முகம் இடைக்கிடை வந்தது. பொதுநலத்துக்குத்தானே என்று அதை ஒதுக்கினேன்.

ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் நரிவிழுந்தான் ஒரு வேடிக்கையான பெயர். ஊரில் அந்தப் பெயரைச் சொல்வது கதவிலக்கம் சொல்வது போன்றது. ஆறு பேர் விதைக்கிற நிலம் அது. அவர்களில் விவசாயிகளின் பிரதிநிதி ஒருவர்தான். அவர் வாடியில் மூன்று நாள் சோறு தின்ற உத்தியோகத்தரும் ஒருவர்தான். அந்தப் பிரதிநிதியின் மனைவியின் அண்ணன் வெளிநாட்டில் இருந்து வாரவாரம் பேசுகிறவன். இதைக் கண்டுபிடிக்க எந்தப் புலனாய்வும் தேவையில்லை, வட்டைக்குப் போகிற முதல் சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடையில் கேட்டால் போதும். அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பேராசிரியரின் பேனைதான் பெரிதாகப் போய்விட்டது.

5

யாரோ அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ‘கிழக்கை விற்கும் இரகசிய வரைபடம்: அதிகாரியே ஒப்புதல்’ என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு, பக்கத்தில் என் படம், விரலை நீட்டிக்கொண்டு. ஒரே வாரத்தில் அது எங்கெல்லாமோ போய்விட்டது. குகன் மகிழ்ச்சியில் மிதந்தார்.

அடுத்த புதன்கிழமை மச்சான் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்கடுத்த புதனும் எடுக்கவில்லை. வயல் வேலை என்று நினைக்க விரும்பினேன். மூன்றாம் வாரம் பவளம் எடுத்தாள். அவள் என்னோடு ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“அந்த நிமல் மாத்தியாவ இடம் மாத்திப்போட்டாங்க அண்ணன். புத்தளத்துக்கோ எங்கயோ. விசாரணையும் வச்சிரிக்காம். போகக்குள்ள இவருக்கு ஒரு கோல் எடுத்தாரு. ஏசல்ல. ‘விதானை, நான் உங்கள நம்பினன்’ எண்டு மட்டும் சொல்லித்து வச்சித்தாரு. இவரு அண்டைக்கிச் சோறு தின்னல்ல.”

“கட்டை?”

“கட்டையத் தள்ளுறது எப்பிடி? எல்லாம் இப்ப பைலுக்குப் போயித்து. மேல இருந்து ஓடர் வராம ஒரு சாணும் அசைக்க ஏலாதாம். மஞ்சக் கட்டையப் புடுங்கித்து கொங்கிறீட் தூண் நட்டிரிக்காங்க.”

பங்குனியில் சிறுபோகக் கூட்டம் நடந்தது. நரிவிழுந்தான் பிணக்குக்கு உட்பட்ட காணி, இந்தப் போகம் அதற்குத் தண்ணீர் இல்லை என்று அறிவித்தார்கள். ஆறு பேரில் மூன்று பேருக்கு வேறு நிலம் கிடையாது. வட்டவிதானைத் தெரிவு வந்தபோது மச்சான் எழும்பி, இந்த முறை என்னை விட்டுவிடுங்கள் என்றிருக்கிறார். பதினாறு வருடமாக அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம், இரியுங்க விதானை என்று கூட்டமே சத்தம் போடும். இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.

நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். இந்த நாட்டு வெளிநாட்டமைச்சுக்கு எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது, இந்த முகவரிக்குப் பதில் அனுப்பவேண்டாம் என்று கணினி பதில் போட்டது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினேன். அவருடைய உதவியாளர், சூரிய மின்சாரம் பற்றிய தங்கள் கட்சியின் நிலைப்பாட்டை இணைத்து அனுப்பினார். மனித உரிமை அமைப்பொன்று மட்டும் ஒழுங்காகப் பதில் எழுதியது. பாதிக்கப்பட்டவரின் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், அவர் கைப்படக் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும் என்று கேட்டது. அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். அதை நிரப்பினால் மச்சானை இரண்டாம் தரமும் காட்டிக்கொடுத்ததாகும். கிழித்துப் போட்டேன்.

குகனிடம் அந்தக் காணொளியை எடுத்துவிடச் சொன்னேன்.

“எடுத்து என்ன அண்ணை பிரயோசனம், அது எங்கயோ போயிட்டுது. நான் ஒண்டு சொல்லுறன், இதையே ஒரு தனி நிகழ்ச்சியாச் செய்வம். உங்கட மச்சானையே இணைப்பில எடுத்தால் பெரிய தாக்கம் இருக்கும்.”

குகன் கெட்டவரில்லை. அவருக்கு நிகழ்ச்சிதான் தெரியும். எனக்கு அப்போது அவரைக் கொல்லலாம் போலிருந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முதல் என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் நல்ல யோசனை என்றுதான் சொல்லியிருப்பேன்.

6

பவளத்தின் மூத்த மகள் தர்ஷிக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவின் வீடு பவளத்துக்கு வந்தது, இனி அது தர்ஷிக்குப் போகும். நான் பிறந்த வீடு. மணவறைக்குப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வருவது எங்கள் குடும்பத்தில் தாய்மாமன். பவளத்தை எங்கள் மாமா அப்படித்தான் அழைத்துவந்தார். தர்ஷிக்கு நான் ஒருவன்தான் மாமன். தை மாதமே லீவு கேட்டு எழுதி, ஆனியில் விமானச்சீட்டும் எடுத்துவிட்டேன். நேரில் போனால் மச்சானின் காலில் விழுந்தாவது சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மீராவும் வருவதாகச் சொன்னாள், அதுவே பெரிய அதிசயம்.

ஆடியில் பவளமே எடுத்தாள். மச்சானை விசாரணைக்கென்று மட்டக்களப்பில் ஒரு கந்தோருக்கு மூன்றாம் தரமும் கூப்பிட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் அந்த இரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டி, இது யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

“தெரியா எண்டிரிக்காரு. ‘உங்கட மனிசிர அண்ணன் எண்டு சொல்றாங்களே’ எண்டு கேட்டாங்களாம். ‘என்ட மனிசிக்கு ஒரு அண்ணன் இருந்தவர்தான், வெளிநாடு போனவரு, மறுகா எங்களோட தொடர்பில்ல’ எண்டு சொல்லியிரிக்காரு. அத எழுதி வாங்கித்தாங்க அண்ணன். கையெழுத்தும் வச்சித்து வந்தித்தாரு.”

நான் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

“வேற என்ன செய்யிற? இல்லாட்டி அந்த நிமல் மாத்தியா சொன்னதெல்லாம் இவருக்கூடாகத்தான் வெளிய போன எண்டு முடிவாகிரும். அந்த மனிசனுக்கு ரெண்டு புள்ள இரிக்கு.”

“சரி புள்ள.”

“நீங்க வந்தா இவரு எழுதிக் குடுத்தது பொய்யாப் போயிரும்.”

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. மச்சான் பக்கத்தில் இருக்கிறாரா, ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டேன். இருக்கிறார், ஆனால் வேண்டாம் என்றாள். “இனி போனும் எடுக்காதீங்க அண்ணன். கொஞ்சக் காலத்துக்கு. நானே எடுக்கிறன்” என்றாள். கொஞ்சக் காலம் என்றால் எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை அவள் எடுக்கவில்லை.

வேலையிடத்தில் லீவை ரத்துச்செய்ய எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. குடும்ப விசேடம் நடைபெறவில்லை என்று போட்டேன். மேலாளர் பெண்மணி அதைப் படித்துவிட்டுச் சாரதிகளின் ஓய்வறையில் என் மேசைக்கு வந்து, கல்யாணம் நின்றுவிட்டதா, பெண் எப்படி இருக்கிறாள் என்று உண்மையான கரிசனையோடு கேட்டார். டேனிஷில் விளக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஆமாம், நின்றுவிட்டது என்றேன்.

7

இப்போது கல்யாணங்களை எல்லாம் நேரலையில் விடுகிறார்கள். படப்பிடிப்புக்காரர்களே இணைப்பை உறவினர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு யாரும் அனுப்பவில்லை. மீராவுக்கு அவளுடைய மச்சாள் தர்ஷி அனுப்பியிருந்தாள், அப்பாவிடம் சொல்லாதே என்றோ சொல் என்றோ எழுதாமல்.

விடிய ஆறு மணி. அங்கே ஒன்பதரை. அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது, வேறு ஒருவரோடு மாற்றிக்கொண்டேன். சமையலறை மேசையில் மீராவின் தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். என் மனைவி ஒரு நிமிடம் நின்று பார்த்தாள், பிறகு அறைக்குள் போய்விட்டாள். மணவறை நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். பவளம் மெலிந்திருந்தாள். மச்சான் பட்டு வேட்டியோடு ஐயருக்குப் பக்கத்தில் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மாசிக்கு முதல் தொலைபேசிப் படத்தில் பார்த்தபோது அவ்வளவு இல்லை. நரிவிழுந்தான்காரர்கள் வந்திருக்கிறார்களா என்று கூட்டத்துக்குள் தேடினேன். ஒருவர் மட்டும் பின்வரிசையில் இருந்தார்.

ஐயருக்கு ஒலிவாங்கி சட்டையில் குத்தியிருந்தது. அவர் பேசுவதும் அவர் பக்கத்தில் நிற்பவர்கள் பேசுவதும் தெளிவாகக் கேட்டது.

“பொண்ண அழைச்சித்து வாங்க. தாய்மாமன் எங்க?”

பவளம் குனிந்து புடவையைச் சரிசெய்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் கமெராப் பக்கம் பார்க்கவில்லை.

“தாய்மாமன் இல்ல ஐயர்” என்றார். “நானே கூட்டித்து வாறன்.”

சத்தமாகத்தான் சொன்னார். நேரலையை யார் யார் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பிறகு வீட்டுக்குள் போய்த் தர்ஷியின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மேளம் எழும்பியது.

மீரா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா ஏன் அப்பிடி சொன்ன? அது பொய்தானே அப்பா?”

அவளுக்கு விளங்குகிற தமிழில் சொல்லவேண்டும் என்று யோசித்தேன்.

“இல்ல மகள்” என்றேன். “அவர் சரியாத்தான் சொன்னவர்.”